சொத்து விவர அறிக்கையைப் பிற்பாடு திருத்தினால் அதை எப்படி எடுத்துக்கொள்வது?

#1 தென்கரை முத்து

வணக்கம். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் தன் பழைய நிதி விவர அறிக்கைகளைத் திருத்தியது பற்றி இங்கே அவ்வப்போது பேச்சு வரும். "அதான் திருத்திவிட்டாரே, அப்புறம் என்ன?" என்பார் ஒருவர். "பிடிபட்ட பிறகு செய்வதெல்லாம் திருத்தமா?" என்பார் இன்னொருவர். அங்கிருந்து கட்சிச் சண்டையாகி நின்றுபோகும். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான் என்பதால் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

நடந்தது இதுதான். தாமஸின் மனைவி வர்ஜீனியா 2003 முதல் 2007 வரை ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் என்ற பழமைவாத ஆய்வு அமைப்பில் வேலை பார்த்து 6,86,589 டாலர் சம்பளம் வாங்கியிருக்கிறார். கணவரின் அறிக்கையில் துணைவர் வருமானம் என்ற பகுதியில் "ஏதுமில்லை" என்று குறித்திருந்தது. காமன் காஸ் என்ற அமைப்பு 2011 ஜனவரியில் இதை வெளியே கொண்டுவந்ததும், 13 ஆண்டு அறிக்கைகளை அவர் திருத்திக் கொடுத்தார். படிவத்தின் குறிப்புகளைத் தவறாகப் புரிந்துகொண்டதால் விடுபட்டது என்பது அவர் தந்த காரணம்.

அடுத்தது ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரில் அவர் தாயார் குடியிருந்த வீடு. 2014-ல் அதையும் பக்கத்து மனைகளையும் தொழிலதிபர் ஹார்லன் குரோவின் நிறுவனம் 1,33,363 டாலருக்கு வாங்கியது. அதில் தாமஸுக்குப் பங்கு உண்டு. ஆனால் அந்த ஆண்டு அறிக்கையில் இந்த விற்பனை இல்லை. 2023 ஏப்ரலில் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் இதை வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியான அறிக்கையில் விற்பனை சேர்ந்தது. பிறகு 2024 ஜூனில், 2019-ல் பாலித் தீவிலும் கலிபோர்னியாவில் ஒரு கிளப்பிலும் குரோவின் செலவில் தங்கியதையும் சாப்பிட்டதையும் சேர்த்தார்.

ஒவ்வொரு முறையும் முதலில் யாரோ கண்டுபிடிக்கிறார்கள், பிறகு திருத்தம் வருகிறது. அதனால்தான் எனக்கு மனசு ஆறவில்லை. ஆனால் திருத்தவே கூடாது என்றும் சொல்ல முடியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மேரிலாந்து கோதை

முத்து அண்ணா, நான் இங்கே ஒரு அமெரிக்க மத்திய அரசுத் துறையில் நெறிமுறைப் பிரிவில் இருக்கிறேன். மூத்த அதிகாரிகள் கொடுக்கும் 278இ என்ற சொத்து விவரப் படிவங்களைச் சரிபார்ப்பதுதான் வேலை. நீதிபதிகளுக்கு வேறு படிவம், வேறு குழு. ஆனால் எல்லாவற்றுக்கும் அடிப்படை வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு 1978-ல் வந்த அரசு நெறிமுறைச் சட்டம்தான்.

வெளியில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரிவதில்லை. திருத்தம் இல்லாமல் என் மேசையைத் தாண்டும் அறிக்கை குறைவு. மே 15-க்குள் அறிக்கை வரும். எங்களுக்குச் சரிபார்க்க 60 நாள். ஒவ்வொரு வரியாகப் படித்து, "இது எந்த நிதி, உள்ளே என்ன பங்குகள்?", "போன வருஷம் இருந்த இந்தப் பங்கு இந்த வருஷம் எங்கே போனது?", "விற்றிருந்தால் விற்பனைப் பகுதியில் ஏன் இல்லை?" என்று கேட்டு எழுதுவோம். அவர்கள் வங்கிக் கணக்கு அறிக்கையைத் தேடி எடுத்துத் திருத்துவார்கள். சந்தேகம் தீர்ந்தால்தான் சான்று கையெழுத்து. முதலிலேயே முழுசாகச் சரியாக வராது என்று தெரிந்துதான் இந்த ஏற்பாட்டையே செய்திருக்கிறார்கள்.

விடுபடுவதில் பெரும்பாலும் சதி எதுவும் இருக்காது. 1,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள முதலீடு, அல்லது வருஷத்துக்கு 200 டாலருக்கு மேல் வருமானம் தரும் சொத்து என்றால் எழுத வேண்டும். மனைவி அல்லது கணவர், அவர்களைச் சார்ந்திருக்கும் பிள்ளைகள் பேரில் இருப்பதும் சேரும். மனைவி பழைய வேலையில் விட்டுவந்த ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? நம்மவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி ஊர்ச் சொத்து பற்றியது. திருச்சியில் இருக்கும் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் எழுதியாக வேண்டும். ஊர் வங்கியில் போட்ட டெபாசிட் 5,000 டாலரைத் தாண்டினால் அதையும் எழுத வேண்டும். "அங்கேதான் வரி கட்டுகிறேனே" என்பார்கள். வரி வேறு, இது வேறு. உங்கள் கையெழுத்தால் யாருக்கு லாபம் என்று நாட்டுக்குத் தெரியவேண்டும், அதற்காகத்தான் இந்த அறிக்கை.

அதனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து யாரையும் எடைபோடாதீர்கள். டிரம்பின் மருமகன் ஜாரெட் குஷ்னர் 2017 மார்ச்சில் கொடுத்த அறிக்கை 39 முறை மாறியது, முதலில் 77 இனங்கள் விடுபட்டிருந்தன என்று ஜூலையில் செய்தி வந்தபோது என்னிடமும் பலர் கேட்டார்கள். அவ்வளவு நிறுவனங்கள் வைத்திருப்பவரின் அறிக்கை சரிபார்ப்பில் பலமுறை போய்வருவது நடக்கக்கூடியதுதான். 39 என்ற எண் எனக்குப் பெரிதில்லை. அந்த 77-ல் எத்தனையை அவராகச் சொன்னார், எத்தனையை எங்களைப் போன்றவர்கள் கேட்ட பிறகு சொன்னார் என்று தெரிந்தால் உதவியாக இருக்கும். அது வெளியே தெரிவதில்லை.

#3 மேலூர் வழக்கறிஞர்

கோதை அம்மா சொல்வது சரிபார்ப்புக் காலத்துத் திருத்தம். அதில் எனக்குத் தகராறு இல்லை. சான்று கையெழுத்தாகி, ஆண்டுகள் ஓடி, பத்திரிகையில் வந்த பிறகு செய்யும் திருத்தத்தையும் அதே பெயரில் அழைப்பதுதான் சிக்கல்.

அங்கே சட்டப்படி தண்டனை வேண்டுமென்றால் தெரிந்தே, வேண்டுமென்றே மறைத்ததாக நிரூபிக்க வேண்டும். "கவனக்குறைவாக விடுபட்டது" என்று ஒரு வரி எழுதித் திருத்தத்தைக் கொடுத்துவிட்டால், அந்த நோக்கத்தை நிரூபிக்கும் பாரம் அரசுத் தரப்பின் தலையில் விழுகிறது. திருத்தமே ஒரு எதிர்வாத ஆவணம் ஆகிவிடுகிறது. நல்ல வழக்கறிஞர் யாராக இருந்தாலும் அதைத்தான் முதலில் செய்யச் சொல்வார். நானும் சொல்வேன்.

சார்லி ரேஞ்சல் விவகாரத்தைப் பாருங்கள். அப்போது அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் வரிச் சட்டங்களை எழுதும் குழுவின் தலைவர் அவர். 2009 ஆகஸ்டில் பழைய அறிக்கைகளைத் திருத்தியபோது, முன்பு காட்டாத லட்சக்கணக்கான டாலர் சொத்து அதில் வந்தது. பிரதிநிதிகள் சபை 2010 டிசம்பரில் அவரை 333-க்கு 79 என்ற வாக்கில் கண்டித்தது. வரி, நன்கொடை என்று வேறு குற்றச்சாட்டுகளும் இருந்தன. அறிக்கையில் சொத்து விடுபட்டதும் அவற்றில் ஒன்று. திருத்திக் கொடுத்தார் என்பதற்காக அவரை விட்டுவிடவில்லை. சக உறுப்பினர்கள் முன்னால் நின்று கண்டனத்தைக் கேட்க வைத்தார்கள். அந்த அளவுக்காவது வேண்டும்.

#4 கணக்கு வாத்தியார்

அதே ஆண்டுகளில் நடந்த அலாஸ்கா செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் வழக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஐயா. தன் வீட்டைப் புதுப்பிக்க ஒரு எண்ணெய்ச் சேவை நிறுவனம் செய்த உதவியை அறிக்கையில் காட்டவில்லை என்று 2008 அக்டோபரில் ஏழு குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்றார்கள். அடுத்த மாதத் தேர்தலில் தோற்றார். 2009 ஏப்ரலில், அரசுத் தரப்பு தனக்குப் பாதகமான சான்றுகளை எதிர்த் தரப்புக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டது தெரிந்து, தீர்ப்பே ரத்தானது. போன பதவி திரும்பவில்லை. ஒரு படிவத்தில் என்ன விடுபட்டது என்பதைக் கிரிமினல் வழக்காக்கினால் இப்படியும் நடக்கும்.

திருத்துகிறவனைத் தண்டித்தால் அடுத்தவன் திருத்த வரமாட்டான். தவறைக் கண்டுபிடித்தவர் தானே வந்து சொல்வதற்கு ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும்.

#5 மேலூர் வழக்கறிஞர்

வாசல் இருக்கட்டும். உள்ளே வந்த நேரத்தைப் பதிந்துகொள்ளுங்கள் என்கிறேன்.

#6 தென்கரை முத்து

வழக்கறிஞர் ஐயா ஒரே வரியில் சொன்னதுதான் எனக்கும் சரியென்று படுகிறது. கொஞ்சம் விரித்துச் சொல்லிப்பார்க்கிறேன்.

அறிக்கை கொடுத்தவர் தானாகவே கண்டுபிடித்துத் திருத்துவது ஒன்று. சரிபார்க்கும் அதிகாரி கேட்டு, அவர் திருத்துவது இன்னொன்று. செய்தியாளரோ எதிர்க்கட்சியோ தோண்டி எடுத்த பிறகு திருத்துவது மூன்றாவது. இப்போது மூன்றுக்கும் தாளில் ஒரே தோற்றம்: "கவனக்குறைவாக விடுபட்டது." படிக்கிற எனக்கு எதுவும் பிரித்துத் தெரிவதில்லை. முதல் வகை ஆளுக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய நல்ல பெயரும் கிடைப்பதில்லை, மூன்றாவது வகை ஆளுக்கு வரவேண்டிய கேள்வியும் வருவதில்லை. நேர்மையாகத் திருத்துகிறவருக்குத்தான் இதில் அதிக நஷ்டம்.

#7 மேரிலாந்து கோதை

இதில் ஒரு பாதி ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. பிரதிநிதிகள் சபையின் நெறிமுறைக் குழு, அறிக்கை கொடுக்க வேண்டிய அதே ஆண்டு முடிவதற்குள் திருத்தினால், நல்ல எண்ணத்தோடு செய்ததாகவே முதலில் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வந்தால், ஏன் தாமதம் என்று விளக்குவது உறுப்பினரின் பொறுப்பு. பழைய மறைப்பை மூடிவிடுவதற்காகச் செய்ததாகத் தெரிந்தால் ஆண்டு முடிவதற்குள் வந்த திருத்தத்துக்கும் அந்தச் சலுகை கிடையாது. பாரம் யார் தலையில் என்பதைக் காலம் தீர்மானிக்கிறது. நிர்வாகத் துறையிலும் நீதித் துறையிலும் இப்படி ஒரு தெளிவான கோடு கிழித்தால் பாதிச் சண்டை தீரும்.

முத்து அண்ணாவின் முதல் பதிவில் ஒன்றைச் சேர்க்கிறேன். துணைவர் சம்பாதித்த சம்பளம் 1,000 டாலரைத் தாண்டினால், எங்கிருந்து வந்தது என்று மட்டும்தான் எழுத வேண்டும். எவ்வளவு என்று எழுதத் தேவையில்லை. அதாவது அந்த ஆண்டுகளில் அங்கே எழுத வேண்டியிருந்தது ஒரு நிறுவனத்தின் பெயர் மட்டும். சவானா வீட்டு விஷயத்திலோ, பழுதுபார்க்க 50,000 முதல் 75,000 டாலர் வரை செலவழித்ததால் விற்பனை நஷ்டத்தில்தான் முடிந்தது, அதனால் எழுதத் தேவையில்லை என்று நினைத்தோம் என்பது விளக்கம். விற்பனையில் நஷ்டமா லாபமா என்று சட்டம் கேட்கவில்லை. விற்றீர்களா என்பதுதான் அதன் கேள்வி.

#8 செல்வி ரா.

தாமஸை மட்டும் பேசினால் ஒருபக்கமாகிவிடும். நீதிபதி கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சனும், மருத்துவரான தன் கணவர் மருத்துவ அலட்சிய வழக்குகளில் ஆலோசனை சொல்லிப் பெற்ற வருமானம் சில ஆண்டு அறிக்கைகளில் விடுபட்டது என்று திருத்தியிருக்கிறார். தாமஸ் மீது ஒரு தரப்பும் ஜாக்சன் மீது மறு தரப்பும் புகார் கொடுத்தன. மத்திய நீதிமன்றங்களின் நீதித்துறை மாநாடு என்ற நிர்வாகக் குழு 2025 ஜனவரியில் இரண்டையுமே, வழக்குத் தொடரும் அதிகாரமுள்ள நீதி அமைச்சகத்துக்கு அனுப்ப மறுத்துவிட்டது. இருவரும் திருத்திவிட்டார்கள், இனி விதிகளைப் பின்பற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பது ஒரு காரணம். உச்ச நீதிமன்ற நீதிபதியைப் பற்றி அப்படி அனுப்பும் அதிகாரம் தங்களுக்கு உண்டா என்ற சந்தேகம் இன்னொன்று.

அதாவது உச்ச நீதிமன்றத்தைப் பொறுத்தவரை, திருத்தம் கொடுத்ததோடு விஷயம் முடிந்தது. "போதுமா, போதாதா" என்று தீர்ப்புச் சொல்ல மேலே யாரும் இல்லை. தனிப்பட்ட இரண்டு பேரைவிட இதுதான் எனக்குப் பெரிய கவலை.

#9 லண்டன் செழியன்

பிரிட்டனில் ஒரு வழக்கம் இருக்கிறது, முத்து கேட்டதற்குக் கிட்டத்தட்ட அதுதான் பதில். எம்.பி.க்கள் தங்களுக்கு வந்த, வரம்பைத் தாண்டிய வருமானம், பரிசு, பங்குகளை 28 நாளுக்குள் பதிய வேண்டும். தவறவிட்டு, அது சிறிய பிழைதான் என்று நெறிமுறை ஆணையர் முடிவு செய்தால், சரிசெய்தல் என்ற நடைமுறையில் முடித்துவிடலாம். உறுப்பினர் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்புறம் அந்தப் பதிவு, பதிவேட்டில் 12 மாதம் தடித்த சாய்வெழுத்தில் இருக்கும். புரட்டிப் பார்க்கிற யார் கண்ணுக்கும் இது தாமதமாக வந்தது என்று தெரியும். பழைய பதிவேடுகளும் நாடாளுமன்ற இணையதளத்தில் அப்படியே கிடக்கின்றன. எந்தப் பதிப்பில் இல்லை, எந்தப் பதிப்பில் சேர்ந்தது என்று ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

கெய்ர் ஸ்டார்மர் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது எட்டு இனங்களைத் தாமதமாகப் பதிந்தார் என்று 2022 ஆகஸ்டில் ஆணையர் கண்டறிந்து, இப்படித்தான் முடித்தார். கடிதப் போக்குவரத்து முழுவதும் வெளியானது. ஆணையர் என்ன கேட்டார், இவர் என்ன சொன்னார் என்று நாமே படித்து முடிவு செய்யலாம். பெரிய தண்டனை இல்லை, சிறை இல்லை. ஆனால் மறைவும் இல்லை.

#10 கணக்கு வாத்தியார்

சாய்வெழுத்து நல்ல யோசனை. இதை முழு மனதோடு ஏற்கிறேன். தண்டனையே இல்லாமல் தகவல் கிடைக்கிறது.

இன்னொரு கோணமும் இருக்கிறது. அறிக்கை எதற்கு? நீதிபதி கையில் ஒரு நிறுவனத்தின் பங்கு இருந்தால், அந்த நிறுவனத்தின் வழக்கிலிருந்து அவர் விலக வேண்டும், அதற்கு. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2021 செப்டம்பரில் வெளியிட்ட புலனாய்வில், 2010 முதல் 2018 வரை 131 அமெரிக்க மத்திய நீதிபதிகள் தங்களுக்கோ குடும்பத்துக்கோ பங்கு இருந்த நிறுவனங்களின் வழக்குகளை விசாரித்தது தெரிந்தது. மொத்தம் 685 வழக்குகள். அவர்களில் பலருடைய அறிக்கையில் பங்குகள் ஒழுங்காகவே எழுதியிருந்தன! அறிக்கையையும் வழக்குப் பட்டியலையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பத்திரிகை கேட்ட பிறகு பல நீதிபதிகள், வழக்கின் தரப்பினருக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள்: உங்கள் வழக்கை விசாரித்தபோது எனக்கு இந்தப் பங்கு இருந்தது, மறுபடி விசாரிக்க வேண்டுமானால் கேட்கலாம் என்று.

அதுதான் என் கண்ணுக்கு முழுத் திருத்தம். தாளைத் திருத்துவது முதல் வேலை. அந்தத் தாள் தப்பாக இருந்த காலத்தில் போட்ட கையெழுத்துகளை மறுபடி பார்ப்பது இரண்டாவது வேலை. இரண்டாவதைப் பற்றிப் பேச ஆளே இல்லை.

#11 செல்வி ரா.

ஆமாம் வாத்தியாரே, இது முக்கியம். ஐந்து வருஷம் கழித்து ஒரு பங்கு அறிக்கையில் சேருகிறது என்றால், அந்த ஐந்து வருஷத்தில் அந்த நிறுவனம் தொடர்பாக அவர் என்னென்ன முடிவெடுத்தார் என்ற பட்டியலும் கூடவே வரவேண்டும். இல்லாவிட்டால் திருத்தத்தால் யாருக்கு என்ன பயன்?

செனட்டர் ராண்ட் பாலின் மனைவி 2020 பிப்ரவரியில் கிலியட் பங்கு வாங்கினார். அந்த நிறுவனத்தின் மருந்துதான் பிறகு கொரோனா சிகிச்சைக்கு வந்தது. தொகை சின்னது, 1,001 முதல் 15,000 டாலர் என்ற கட்டத்தில் வருவது. 2012-ல் வந்த ஸ்டாக் சட்டப்படி 45 நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும். 16 மாதம் தாமதமாக, 2021 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. தாமதக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? 200 டாலர். அந்தப் பங்கில் அவர்களுக்கு லாபம் வந்ததா என்பது எனக்குக் கேள்வியே இல்லை. தொற்று பரவிய மாதங்களில் மக்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். 16 மாதம் கழித்துத் தெரிந்து என்ன செய்வது?

#12 மதுக்கூர் ராமு

அமெரிக்கா, இங்கிலாந்து எல்லாம் சரி. நம் ஊரில் இந்தத் திருத்தத்துக்கு வழியே கிடையாதா?

#13 மேலூர் வழக்கறிஞர்

ராமு தம்பி, வேட்பாளர்களைப் பற்றிக் கேட்கிறாய் என்றால் சொல்கிறேன். வேட்புமனுவோடு படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். தன் பேரில், துணைவர் பேரில், சார்ந்திருப்பவர்கள் பேரில் உள்ள அசையும், அசையாச் சொத்து, கடன், நகை எடை வரைக்கும். மனுத்தாக்கல் கடைசி நாள் மாலை 3 மணி வரை புதிய பத்திரம் கொடுத்துப் பழையதை மாற்றிக்கொள்ளலாம். அதற்கப்புறம் திருத்த வழி இல்லை. முடிவு வந்த 45 நாளுக்குள் யாராவது தேர்தல் வழக்குப் போட்டால், விடுபட்டது பெரிய விஷயமா சின்ன விஷயமா என்று உயர் நீதிமன்றம்தான் முடிவு செய்யும்.

அதற்கு எவ்வளவு காலம் ஆகும்? 2019-ல் தேனியில் ஜெயித்த ஓ.பி.ரவீந்திரநாத் பிரமாணப் பத்திரத்தில் சொத்து விவரத்தை மறைத்தார் என்று சொல்லி, சென்னை உயர் நீதிமன்றம் அவர் வெற்றியை ரத்து செய்தது 2023 ஜூலையில். ஐந்து வருஷப் பதவியில் நாலு வருஷம் போய்விட்டது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை கொடுத்தது. மறைத்தாரா இல்லையா என்பதற்கு முடிவான பதில் வருவதற்கு முன்பே பதவிக்காலம் முடிந்தது.

2024 ஏப்ரலில் அருணாசலப் பிரதேச எம்.எல்.ஏ. கரிகோ கிரி வழக்கில் உச்ச நீதிமன்றம், வேட்பாளர் தன்னிடம் உள்ள ஒவ்வொரு அசையும் பொருளையும் சொல்லத் தேவையில்லை, கணிசமான மதிப்பு இருந்தால்தான் குறை என்றது. மனைவி, மகன் பேரில் இன்னும் பதிவு மாறாமல் இருந்த பழைய வாகனங்களைக் காட்டவில்லை என்பதும் அந்த வழக்கில் ஒரு புகார். விற்றாயிற்று, பதிவு மட்டும் மாறவில்லை. இப்படி ஒரு விஷயத்துக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டுமா? வேட்பாளர் ஒரு வாரத்தில் ஒரு விளக்கம் சேர்க்க வழி இருந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நம்மிடம் வாசல் இல்லாததால் எல்லாமே வழக்கு.

#14 ஓய்வூதியர் சண்முகம்

அதிகாரிகள் பக்கத்தை நான் சொல்கிறேன். மத்திய அரசு வேலையில் இருந்தவன். ஆண்டுதோறும் ஜனவரி 31-க்குள் அசையாச் சொத்து விவரம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பதவி உயர்வின்போது விஜிலென்ஸ் கிளியரன்ஸ் நின்றுபோகும். அசையும் பொருள் என்றால், இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் மதிப்புள்ளதை வாங்கினாலும் விற்றாலும் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு நண்பர். அப்பா இறந்தபின் பாகப்பிரிவினை நடந்து, ஒன்றரை ஏக்கர் அவர் பங்குக்கு வந்தது. பட்டா கூட்டுப்பட்டாவாகவே இருந்ததால் தன் சொத்து என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பிறகு தம்பி தனிப்பட்டா கேட்டு மனுக் கொடுக்கும்போதுதான் உறைத்தது. அவராகவே எழுதிக் கொடுத்தார்: இத்தனை ஆண்டு விவரத்தில் இது விடுபட்டிருக்கிறது, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. அலுவலகத்தில் அந்தக் கடிதத்தை என்ன செய்வதென்றே யாருக்கும் தெரியவில்லை. பழைய ஆண்டுப் படிவத்தைத் திருத்த இடம் இல்லை. கோப்பில் போட்டு வைத்தார்கள். பதவி உயர்வு வந்தபோது, "இத்தனை வருஷம் ஏன் காட்டவில்லை?" என்று அந்தக் கடிதத்தை வைத்தே மெமோ கொடுத்தார்கள். பதில் எழுதி, ஆவணம் கொடுத்து, அவர் மேல் தப்பில்லை என்று முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதைப் பார்த்த மற்றவர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள்? விடுபட்டது விடுபட்டதாகவே இருக்கட்டும், வாயைத் திறக்காதே என்று. எனக்கு இன்றும் அந்த மனுஷனை நினைத்தால் வருத்தம்தான்.

#15 கணக்கு வாத்தியார்

சண்முகம் ஐயா, நான் #4-ல் சொல்ல வந்ததை உங்கள் நண்பர் வாழ்ந்தே காட்டிவிட்டார். தானாக வந்தவருக்கு மெமோ. வராதவருக்கு ஒன்றும் இல்லை.

#16 யாழ் வாசுகி

இலங்கையிலிருந்து எழுதுறேன். எங்கட நாட்டில் 1975-ல் இருந்தே சொத்துப் பொறுப்புப் பிரகடனச் சட்டம் இருந்தது. கட்டணம் கட்டினால் யாரும் ஒரு பிரகடனத்தைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் பார்த்ததை வெளியில் சொல்லக் கூடாது! பார்த்தவர் பிழை கண்டுபிடித்தாலும் என்ன செய்ய முடியும்? அந்த நிலையில் திருத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வெளியில் தெரியாத ஒன்றை ஏன் திருத்த வேணும்?

2023-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்த பிறகுதான் மாறியது. இப்போது பிரகடனங்கள் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்குப் போகின்றன, தனிப்பட்ட சில விவரங்களை மறைத்து இணையத்தில் போட வேணும் என்று சட்டம் சொல்லுது. சனம் பார்க்கத் தொடங்கியதும்தான் அதிகாரிகளும் கவனமாக எழுதத் தொடங்குவினம். ஆகவே என்னுடைய எண்ணம், பகிரங்கம் முதலில், திருத்த விதிகள் அதற்குப் பிறகு. பகிரங்கம் இல்லாத இடத்தில் சாய்வெழுத்துப் போட்டு யார் பார்க்கிறது?

#17 மதுக்கூர் ராமு

வாசுகி அக்கா சொல்வது சரி. ஆனால் சின்ன அதிகாரிகளின் வீட்டு விவரமெல்லாம் இணையத்தில் வந்தால் பாதுகாப்புப் பிரச்சினை இல்லையா? எல்லாரும் அமைச்சர் இல்லையே.

#18 மேரிலாந்து கோதை

இருக்கிறது, ராமு. இங்கேயும் அந்த வாதம்தான் ஜெயித்தது. ஸ்டாக் சட்டம் 2012-ல் வந்தபோது, சுமார் 28,000 மூத்த அரசு ஊழியர்களின் அறிக்கைகளையும் இணையத்தில் தேடும்படி போட வேண்டும் என்று இருந்தது. 2013 ஏப்ரலில் காங்கிரஸ் அதை விவாதமே இல்லாமல் நீக்கியது. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், காங்கிரஸ் உறுப்பினர்கள், வேட்பாளர்கள், மிக உயர்ந்த பதவிகள் மட்டும் மிஞ்சின. மற்றவர்களுடையதை எழுதிக் கேட்டால் கொடுப்போம். களத்தில் வேலை செய்யும் ஒரு ஊழியரின் சேமிப்பு விவரம் யார் கையிலும் சிக்கலாம் என்ற பயம் நியாயமானது என்று நானும் நினைக்கிறேன். விவாதமில்லாமல் செய்ததுதான் தவறு.

வீட்டு முகவரி, கணக்கு எண் எதுவும் அறிக்கையில் தேவையில்லை. மதிப்பும் துல்லியமாக இல்லை, கட்டம் கட்டமாகத்தான். அதனால் திருத்தத்தை வெளிப்படையாக வைப்பதற்கும் பாதுகாப்புக்கும் மோதல் இல்லை. எந்த வரி மாறியது, என்று மாறியது, யார் கேட்டு மாறியது. இந்த மூன்றும் போதும்.

#19 மேலூர் வழக்கறிஞர்

நாலாவதாக, பொய் என்று தெரிந்தே எழுதியவருக்கு வழக்கு. அதை விட்டுவிடாதீர்கள். ஜார்ஜ் சான்டோஸ் பிரதிநிதிகள் சபைக்குக் கொடுத்த அறிக்கையில் இல்லாத வருமானத்தையும் இல்லாத சேமிப்பையும் எழுதியதாகக் குற்றச்சாட்டு வந்தது. வேறு மோசடிகளும் சேர்ந்து 2023 டிசம்பரில் சபையிலிருந்து நீக்கினார்கள். 2025 ஏப்ரலில் 87 மாதச் சிறை விதிக்கப்பட்டது. அக்டோபரில் குடியரசுத் தலைவர் தண்டனையைக் குறைத்து வெளியே விட்டார், அது வேறு கதை. இருப்பதை மறந்தவரையும் இல்லாததை எழுதியவரையும் ஒரே திருத்தப் படிவத்தில் அடைக்க முடியாது.

#20 தென்கரை முத்து

எல்லாருக்கும் நன்றி. வழக்கறிஞர் ஐயாவும் வாத்தியாரும் எதிர் எதிராகத் தொடங்கினாலும், தானாக வருபவருக்குத் தண்டனை வேண்டாம், வந்த நேரம் பதிவாக வேண்டும் என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை என்று புரிகிறது. இரண்டாவது வேலை, அதாவது பழைய கையெழுத்துகளை மறுபடி பார்ப்பது, அதில்தான் எனக்கு இன்னும் தெளிவில்லை. யார் செய்வது, எத்தனை ஆண்டு பின்னால் போவது?

கோதை, ஒரு நடைமுறைக் கேள்வி. பழைய அறிக்கையையும் திருத்தியதையும் நானே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றால் எங்கே போவது?

#21 மேரிலாந்து கோதை

செனட்டர்கள் என்றால் எளிது. செனட்டின் தேடல் தளத்தில் ஆண்டு அறிக்கையும், "திருத்தம் 1", "திருத்தம் 2" என்று எண் போட்டுத் தனித்தனியாகவும் இருக்கும். பிரதிநிதிகள் சபையின் கிளர்க் அலுவலகத் தளத்திலும் திருத்தம் தனி வகையாக வரும். இரண்டையும் திறந்து வரிவரியாக நீங்கள்தான் ஒப்பிட வேண்டும். எது மாறியது என்று அவர்கள் குறித்துக் கொடுப்பதில்லை. நீதிபதிகளுடையது 2022 மே மாதம் கையெழுத்தான சட்டத்தால் அந்த ஆண்டு நவம்பரிலிருந்து இணையத்தில் வருகிறது.

எங்கள் பக்கம், அதாவது நிர்வாகத் துறையில், ஒன்றைக் கவனியுங்கள். அறிக்கை வந்த 30 நாளில் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும். ஆனால் சரிபார்ப்புக்கு 60 நாள். அதனால் நீங்கள் சீக்கிரம் கேட்டு வாங்கியது திருத்தத்துக்கு முந்தைய பிரதியாக இருக்கலாம். சான்று கையெழுத்தான தேதியைப் பாருங்கள், அது இல்லாவிட்டால் பிறகு இன்னொரு முறை கேளுங்கள். ஆறு ஆண்டு ஆனதும் அறிக்கைகளை அழித்துவிடுவோம், விசாரணைக்குத் தேவைப்பட்டால் தவிர.

#22 செல்வி ரா.

ஆறு ஆண்டில் அழித்தால், 13 ஆண்டுத் திருத்தத்தை எதோடு ஒப்பிடுவது?

#23 மேரிலாந்து கோதை

அரசுக் கோப்பில் முடியாது. ஏற்கெனவே யாராவது வாங்கி வைத்திருந்தால்தான். நீதிபதிகளுக்கு ஃப்ரீ லா புராஜெக்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு பழைய அறிக்கைகளைத் திரட்டி இணையத்தில் வைத்திருக்கிறது. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் புலனாய்வுக்கும் அந்தத் திரட்டு உதவியது. நிர்வாகத் துறைக்கு அந்த அளவில் ஒன்று இல்லை. யாரையாவது தொடர்ந்து கவனிக்கிறீர்கள் என்றால், ஒவ்வொரு ஆண்டும் ஜூலை, ஆகஸ்டில் ஒரு பிரதியும் டிசம்பரில் ஒரு பிரதியும் கேட்டு வாங்கித் தேதியோடு சேமித்து வையுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் பெயர், முகவரி கேட்பார்கள். பெரும்பாலும் கட்டணம் கிடையாது. எப்படி நிரப்புவது என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள்.

#24 தென்கரை முத்து

கேட்கிறேன். இந்த ஆண்டு வந்த செனட் அறிக்கைகளில் திருத்தம் என்று வந்தவற்றை முதலில் இறக்கி வைக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டும், வரிகள் அதிகம். கை கொடுக்க விருப்பமுள்ளவர்கள் மாநிலத்தின் பெயரைக் கீழே எழுதுங்கள், பிரித்துக்கொள்ளலாம்.

#25 மதுக்கூர் ராமு

டெக்சாஸ் எனக்கு.

#26 கணக்கு வாத்தியார்

ஒஹாயோவும் ஜார்ஜியாவும் எனக்கு. ஒப்பிடும்போது மதிப்புக் கட்டம் மாறியதையும் வரி புதிதாகச் சேர்ந்ததையும் தனித்தனிப் பத்தியில் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு பிரிப்பது கஷ்டம்.